மேல் நட்டு, கீழ் நட்டு

கியர் ஆயிலுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. பெட்ரோலைப் போல மூக்கைச் சுண்டாது, என்ஜின் ஆயிலைப் போல சாதுவாகவும் இருக்காது. பெருங்காய டப்பாவை மழைச் சாரலில் திறந்து வைத்து நாலு நாள் மறந்துபோனால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. போன வாரம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஒரு கியர் பாக்ஸைத் திறந்தார்கள். கூட நின்றவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் குனிந்து இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவள் உனக்குப் பைத்தியமா என்று மலையாளத்தில் கேட்டாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. பதினோரு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நாற்றம் என் முழங்கை வரைக்கும் சுடச்சுட வழிந்திருக்கிறது.

அப்போது நாங்கள் கரமனையில், ஆற்றுக்கு இறங்குகிற தெருவில் இருந்தோம். ரயில் பெட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். முன்வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தினாலே எதிர்வீட்டில் ஒரு முகம் சுளிக்கும். அதனால் எங்கள் கார் கொல்லைப்பக்கத்துச் சந்தில், ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காரின் மூஞ்சிதான் தெரியும். மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிற கொட்டகை அது. வெளியே வரவேண்டுமென்றால் ரிவர்ஸில்தான் வந்தாகவேண்டும். மேற்கொண்டு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ரிவர்ஸ்தான் காரணம்.

கார் எங்களுக்குத் தானாக வந்து சேர்ந்தது. சித்தப்பா வெளிநாடு போனபோது, விற்க மனசில்லாமல் எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். வெள்ளை நிறம், வயது என்னைவிட ஒன்றோ இரண்டோ கூட. அப்பாவுக்கு லைசென்ஸ் உண்டு, தைரியம்தான் கிடையாது. பஸ் எதிரே வந்தால் காரை ஓரமாக நிறுத்தி, பஸ் போன பிறகும் அது திரும்பி வராது என்று உறுதிசெய்துகொண்டுதான் எடுப்பார். ஆகவே காரை ஓட்டுவது மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீவராகத்தில் இருந்தார், வங்கியில் வேலை. மனசு முழுக்க வண்டியிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து காரைத் துடைத்து, அரை மணி நேரம் ஓட்டி, காபி குடித்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம்தான் அம்மா திடீரென்று தானும் கார் ஓட்டப்போவதாகச் சொன்னாள். ஏன் என்று அப்பா கேட்டார். ஏன் கூடாது என்று அம்மா கேட்டாள். அத்தோடு பேச்சு முடிந்தது, அம்மா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

இங்கே கார் லைசென்ஸ் வாங்க 'எச்' போடவேண்டும். மைதானத்தில் கம்பிகளை நட்டு ஆங்கில எச் எழுத்தின் உருவத்தில் வழி செய்திருப்பார்கள். அந்த எழுத்துக்குள் வண்டியை முன்னும் பின்னுமாக எடுக்கவேண்டும். கம்பியில் உரசக்கூடாது, இடையில் நிற்கக்கூடாது. பாதிக்கு மேல் வேலை ரிவர்ஸில். அம்மா முதல் தடவை ஒரு கம்பியைச் சாய்த்தாள். இரண்டாம் தடவை ரிவர்ஸ் போடும்போது கியர் 'கர்ர்' என்று கத்தியது, மைதானமே திரும்பிப் பார்த்தது, அம்மா பதறிக் கிளட்சை விட்டுவிட்டாள், வண்டி நின்றுபோயிற்று. ஆபீஸில் எல்லாரும் 'எச் எந்தாயி' என்று ஒரு வாரம் விசாரித்தார்களாம். எச் என்ன ஆயிற்று, எச் என்ன ஆயிற்று. மூன்றாம் தடவைக்குத் தேதி வந்தபோது அம்மா ஆபீஸில் மூச்சு விடவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டி வேண்டாம், கை பழகின நம் வண்டியிலேயே போடுகிறேன் என்று முடிவும் செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டெஸ்ட். அந்த வாரத்தோடு அம்மாவின் லேர்னர்ஸ் காலாவதி. திங்கட்கிழமையை விட்டால் கண் டாக்டரின் சர்ட்டிபிகேட், கம்ப்யூட்டர் பரீட்சை என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அம்மா அதைச் செய்யமாட்டாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் பழகப் போனவள் முகம் வெளுத்துத் திரும்பினாள். நம் வண்டியும் ரிவர்ஸில் கர்ர் என்கிறது. நாலு தரம் போட்டால் மூன்று தரம் கர்ர்.

கூடப் போயிருந்த மாமா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு சொன்னார். "அக்கா, இது உன் குத்தமே இல்லையாக்கும். கியர் ஆயில். வாங்கின நாள்லேர்ந்து எவனும் மாத்தினதில்லை. நாளைக்கு நான் மாத்தறேன், வெண்ணெயா விழும் பாரு."

அம்மாவின் முகம் ஒரு கணத்தில் தெளிந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாக உன் குற்றம் இல்லை என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. கோடை விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை, காரின் வயிற்றைத் திறக்கப்போகிறார்கள், நானும் கூட இருக்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே குளித்துவிட்டுக் கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தேன். குளித்தது சுத்த வீண் என்பது பிறகு தெரிந்தது.

மாமா ஒன்பது மணிக்கு வந்தார். சாலைக் கடைத்தெருவில் முந்தின நாளே வாங்கின சாமான்களைப் பரப்பினார். ஒரு லிட்டர் ஆயில் பாட்டில் மூன்று, புது ஸ்பானர் ஒன்று, செம்பு வாஷர் இரண்டு, துருவை இளக்குகிற மருந்து ஒரு டப்பா. போனில் ஒரு மலையாள வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தால்தான் ஆயில் இளகி வடியும் என்று கிள்ளிப்பாலம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு மூலையிலும் இரும்பு முக்காலிகளை முட்டுக் கொடுத்து, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகுதான் என்னைக் கீழே விட்டார்.

சாக்கு விரித்து இரண்டு பேரும் மல்லாந்து படுத்தோம். டார்ச் என் கையில். தலைக்கு மேல் ஒரு ஊரே தொங்கியது. குழாய்கள், ஒயர்கள், மண் அப்பின இரும்பு. மாமா கியர் பாக்ஸைக் காட்டினார். அதில் இரண்டு நட்டு. அடியில் இருப்பது கீழ் நட்டு, அது வழியாகப் பழைய ஆயில் வெளியே போகும். பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் இருப்பது மேல் நட்டு, அது வழியாகப் புது ஆயில் உள்ளே போகும்.

"ரெண்டையும் ஊரணும். அவ்வளவுதான் காரியம். இதுக்குப் போய் ஒர்க்‌ஷாப்பிலே ஒரு நாள் வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கறா" என்றார் மாமா.

வெளியூர்த் தமிழர்கள் எதையும் கழற்றுவார்கள். நாங்கள் ஊருவோம். மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். செருப்பை ஊரிவிட்டு உள்ளே வருவோம், சட்டையை ஊரிக் கொடியில் போடுவோம், மோதிரத்தை ஊரி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்போம். நட்டையும் அப்படித்தான்.

மாமா கீழ் நட்டில் ஸ்பானரைப் போட்டு ஒரு தள்ளு தள்ளினார். உடனே இளகியது. "பாத்தியோ குட்டி" என்று சிரித்து, கையாலேயே திருப்பி மூடினார். மேல் நட்டுக்குப் போனார். அது அசையவில்லை. உதைத்தார், அசையவில்லை. ஸ்பானரின் நுனியில் ஒரு நீளக் குழாயை மாட்டிக்கொண்டு தொங்கிப் பார்த்தார். வண்டிதான் முனகியது. டப்பாவிலிருந்து எதையோ சீறி அடித்தார், அது என் கண்ணருகே புகையாகப் பறந்தது. பிறகு ஊர்ந்து வெளியே போய், சமையலறைப் படியில் நின்று அம்மாவிடம் காபி கேட்டார். போனிலும் யாரோ கூப்பிட்டார்கள்.

நான் மட்டும் கீழே. என் மூக்குக்கு நேர் மேலே கீழ் நட்டு. அடியில் தயாராக, அம்மா துணி நனைக்கிற நீலப் பேசின். விரலால் தொட்டேன். சூடாக இருந்தது, லேசாகச் சுழன்றது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, நான் ஊரட்டே?" என்று கத்தினேன்.

"ஊரட்டும், ஊரட்டும்" என்று படியிலிருந்து குரல் வந்தது.

ஊரினேன்.

சொட்டுச் சொட்டாக வரும் என்று நினைத்திருந்தேன். அது குழாயைத் திறந்துவிட்டது போலப் பாய்ந்தது. நட்டு கையிலிருந்து நழுவிப் பேசினுக்குள் விழுந்தது, ஆயில் மணிக்கட்டில் ஏறி முழங்கை வழியாகச் சட்டைக்குள் போயிற்று. சூடு, ஆனால் பொறுக்கிற சூடு. கறுப்பு, ஆனால் டார்ச்சைக் காட்டினால் உள்ளே வெள்ளிப் பொடி மினுங்கியது. பல்சக்கரங்கள் வருஷக்கணக்காகத் தேய்ந்த பொடி அது என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு, காருக்குள் நட்சத்திரம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

"மாமா, எல்லாம் வந்துடுத்து, வந்து பாரேன்" என்று கூப்பிட்டேன்.

மாமா குனிந்து பார்த்தார். பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேல் நட்டைப் பார்த்தார். காபி டம்ளரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருடீ உன்னை ஊரச் சொன்னா?"

"நீதான். நான் ஊரட்டேன்னு கேட்டேன், ஊரட்டும்னே."

"உன்கிட்ட எங்கே சொன்னேன்? ஆச்சாடான்னு அக்கா கேட்டா. மேல் நட்டு மருந்திலே ஊறட்டும், அரை மணிக்கூர் ஊறட்டும்னு அவகிட்டச் சொன்னேன்."

"அதான். ஊரட்டும்னே."

"ஊரட்டும் இல்லைடீ, ஊறட்டும். அரிசி ஊறறதே, உளுந்து ஊறறதே, அந்த ஊறட்டும்."

எனக்கு வித்தியாசம் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசி ஊறுவதும் சட்டை ஊருவதும் ஒரே நாக்கில், ஒரே ஓசையில்தான் நடந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த எனக்கு, நட்டு பக்கத்தில் இருக்கும்போது காதில் விழுகிற சொல் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

சத்தம் கேட்டு அப்பா பேப்பரோடு வந்தார். நடந்ததைக் கேட்டார். அப்பாவுக்கு எழுத்துப்பிழை என்றால் பல்வலி மாதிரி. "நனையறதுக்குப் பெரிய ற. நாக்கு அதிரணும். கழட்டறதுக்குச் சின்ன ர. நம்மாத்திலே யாருக்குமே நாக்கு அதிரறதில்லை, அதாக்கும் சங்கடம்" என்றார்.

"அத்திம்பேரே, நாக்கு அதிர்ந்து இப்போ என்ன ஆகணும். நட்டு அதிரமாட்டேங்கறது" என்றார் மாமா.

விஷயம் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. பழையது வெளியே போயாயிற்று. புதியது உள்ளே போக ஒரே வாசல் மேல் நட்டு, அது திறக்கவில்லை. ஆயில் இல்லாத கியர் பாக்ஸோடு வண்டி தெருக்கோடி வரைக்கும்கூடப் போகக்கூடாது, போனால் பல்லெல்லாம் கடித்துக்கொண்டு தீய்ந்துவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள் மேல் நட்டைத் திறந்து பார்த்த பிறகே கீழ் நட்டைத் தொடுவார்கள். வீடியோவில் அந்த ஆள் முதல் நிமிஷத்திலேயே இதைச் சொல்லியிருந்தான். மாமா அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்.

அரை மணி ஊறின பிறகு மாமா மறுபடி உள்ளே போனார். ஸ்பானர் வழுக்கியது. இன்னொரு தரம் வழுக்கியது. வெளியே வந்தபோது நட்டின் மூலைகள் மழுங்கி, அது உருண்டையாகிப்போயிருந்தது. இனி அதைப் பிடிக்க ஸ்பானர் கிடையாது. தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன் என்றார். டெஸ்ட் எட்டு மணிக்கு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கூப்பிட்டால், நாளைக்கு வண்டியில் ஆள் நிறைந்துவிட்டது, ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டும் என்றார்.

பேசினில் ஆயில் மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "சாரமில்லே, பரவாயில்லே. போட்டும். லேர்னர்ஸ் இன்னொரு தரம் எடுத்துக்கலாம். இப்போ என்ன அவசரம், ஆட்டோ இருக்கு, பஸ் இருக்கு." ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் குரலில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்ததோ என்று இன்று தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

அம்மா சமையலறைப் படியில் நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் பார்க்கவேயில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிவர்ஸ் போட்டா பின்னாடி வெள்ளை லைட் எரியறதே" என்றாள் கடைசியில்.

"ஆமாம்" என்றார் மாமா.

"ரிவர்ஸ் போட்டாச்சுன்னு அந்த லைட்டுக்கு யார் சொல்றா?"

"அது எலெக்ட்ரிக்" என்றார் அப்பா.

"எலெக்ட்ரிக்குக்கு யார் சொல்றா?"

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் கையெல்லாம் ஆயில். "குட்டி, போனை எடு, அடி" என்றார். நான் அடித்தேன். காரின் பெயர், ரிவர்ஸ் லைட், சுவிட்ச், எங்கே. பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போயிற்று. வந்தது. கியர் பாக்ஸின் தலையில், காற்று வடிகட்டிக்கு அடியில், ஒரு சுவிட்ச் திருகி வைத்திருக்கிறார்கள். ரிவர்ஸ் விழும்போது உள்ளேயிருந்து அதை ஒன்று அழுத்தும், லைட் எரியும். உள்ளேயிருந்து அழுத்துமென்றால் அது உள்ளே வரைக்கும் போகிறது. உள்ளே வரைக்கும் போகிறதென்றால் அதை ஊரினால் ஒரு ஓட்டை.

யார் முதலில் பானெட்டைத் திறந்தோம் என்று நினைவில்லை. மூன்று தலைகள் உள்ளே இருந்தன. வடிகட்டிப் பெட்டியை எடுத்து, ஒயரைப் பிடுங்கி, மாமா சுவிட்சில் ஸ்பானரைப் போட்டார். அரைச் சுற்றில் இளகியது. டார்ச்சைக் காட்டினேன். ஓட்டைக்கு அடியில், ஈரமாக, ஒரு பல்சக்கரம் பளபளத்தது.

"அக்கா, நீ வங்கியிலே சேர்ந்திருந்தா நான் வேலைக்கே போயிருக்கமாட்டேன்" என்றார் மாமா. அர்த்தமில்லாத பேச்சு, ஆனால் எல்லாரும் சிரித்தோம், அப்பா உட்பட.

ஓட்டை சுண்டுவிரல் பருமன். அதற்குள் ஆயில் இறங்க ஒரு குழாய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கடையும் இல்லை. என் மீன் தொட்டியில் காற்று போகிற ரப்பர் குழாய் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூன்று மீன்களும் அன்று ஒரு மணி நேரம் எனக்காக மூச்சடக்கிக்கொண்டன. குழாயின் ஒரு நுனி ஓட்டைக்குள், மறு நுனியில் அம்மாவின் எண்ணெய்ப் புனல். மாமா கீழ் நட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினார். அப்பா காரின் புத்தகத்தைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, இரண்டே கால் லிட்டர் என்று தீர்ப்பு வாசிப்பது போல வாசித்தார். மேல் நட்டு திறந்திருந்தால் நிரம்பி வழிவதை வைத்தே அளவு தெரிந்திருக்கும். இப்போது பாட்டிலின் கோட்டைப் பார்த்து எண்ணித்தான் ஊற்றவேண்டும்.

ஊற்றினோம். இறங்கவில்லை. கியர் ஆயில் தேன் மாதிரி, குழாயோ நூல் மாதிரி. புனலில் நிறைந்து நின்றது, சோம்பலாக ஒரு குமிழி விட்டது. இந்த வேகத்தில் திங்கட்கிழமை எட்டு மணி அடித்துவிடும்.

அம்மா உள்ளே போனாள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துவோமே, அதே பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து ஆயில் பாட்டில்களை அதில் நிறுத்தினாள். பத்து நிமிஷம். ஆயில் இளகியது, சரசரவென்று இறங்க ஆரம்பித்தது. அம்மா ஸ்டூலில் ஏறிப் புனலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். மாமா ஓட்டையில் குழாய் நழுவாமல் பிடித்தார். அப்பா அரை, முக்கால், ஒன்று என்று சத்தமாக எண்ணினார். நான் வெந்நீருக்கும் புனலுக்கும் இடையில் ஓடினேன். பக்கத்து வீட்டு மாமி மதில் மேல் முகம் காட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன, வண்டிக்குத் தைலாபிஷேகமோ?" என்று கேட்டாள்.

"பிரசாதம் வேணுமா மாமி?" என்றார் மாமா. முகம் மறைந்தது.

இரண்டே கால் ஆனதும் அப்பா "மதி, போதும்" என்றார். சுவிட்சைத் திருகி, ஒயரைச் செருகி, முக்காலிகளை எடுத்து, வண்டி தரைக்கு வந்தது. மாமா சாவிக்குக் கை நீட்டினார்.

"நான் எடுக்கறேன்" என்றாள் அம்மா.

என்னைச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லைட் எரிகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என்ஜின் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கர்ர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கர்ர் வரவில்லை. வெள்ளை விளக்கு பட்டென்று எரிந்தது.

"எரியறது" என்று கத்தினேன். எரியறது, எரியறது என்று கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். கார் என்னைப் பார்த்து, ஒரு உரசல் இல்லாமல், கொட்டகையிலிருந்து வெளியே வந்தது.

இன்றைக்கு இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவளாக ஒன்றை ஒப்புக்கொண்டாகவேண்டும். அந்த மாதிரிப் பழைய கார்களில் ரிவர்ஸ் கத்துவதற்குப் பழைய ஆயில் ஒரு சின்னக் காரணம்தான். பெரிய காரணம் அவசரம். கிளட்சை மிதித்த பிறகு உள்ளே சுழல்வது அடங்க இரண்டு நொடி வேண்டும். அதற்குள் போட்டால் கத்தும். அன்றைக்கு அம்மா, புது ஆயிலுக்கு மரியாதை கொடுப்பது போல, கிளட்சை மிதித்து ஒரு மூச்சு நிதானித்துப் போட்டாள். அதுதான் நடந்தது. மாமாவிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மாவும் மாமாவும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன், விடவில்லை. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. போனும் இல்லை. அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, போடவில்லை என்பது போலக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தேன்.

பதினொரு மணிக்கு மாமா வாசல் வழியாக ஓடி வந்தார். தெருமுனையிலேயே இறங்கிவிட்டிருக்கிறார், செய்தியை முதலில் சொல்லவேண்டும் என்று. செருப்பைக்கூட ஊரவில்லை. "அக்கா எச் போட்டா. ஒரு கம்பி அசையலே. அந்த ஆபீசர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கிப் பாத்தார்" என்றார். அப்பா எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

பின்பக்கம் கார் வரும் சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னலுக்குப் பாய்ந்தேன். வெள்ளை மூஞ்சி கொட்டகைக்குள் நுழைந்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நின்றது. என்ஜின் அடங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மா.

கதவு திறக்கவில்லை.

அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, அந்த வெயிலில். என்னைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. நான் கை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. தோள் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. சிரிக்கிறாளா என்ன என்று ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தேன், தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. கியர் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இறங்கமாட்டேன் என்கிறாள்.

மாமாவைத் தேடி ஓடினேன். "கியர் ஜாமாயிடுத்து, அம்மா உள்ளேயே இருக்கா" என்றதும் அவர் முகம் மாறியது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கொல்லைக்கு ஓடினோம். மாமா கண்ணாடியைத் தட்டினார். அம்மா நாலு விரல் அளவுக்கு அதை இறக்கினாள்.

"என்னாச்சுக்கா? விழலையா?"

"எல்லாம் விழறது. கொழப்பமில்லே. நீங்க உள்ளே போங்கோ, நான் வரேன்."

கண்ணாடி மறுபடி ஏறிவிட்டது. மாமா ஒரு நிமிஷம் நின்றார், பிறகு ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சமையலறையில் குக்கர் கத்தியது. கூடத்தில் போன் அடித்தது, பெரியம்மாவாக இருக்கும். காபி போட்டாச்சா என்று அப்பா யாரையோ கேட்டார். அந்த வீட்டில் அம்மாவின் பெயர் சொல்லித்தான் எல்லாச் சத்தமும் எழும். ஒன்றுக்கும் அவள் அசையவில்லை.

எல்லாம் விழுகிறது என்று சொன்னதை நான் நம்பவில்லை. எங்களைக் கவலைப்படுத்தவேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். சத்தம் போடாமல் தரையில் படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தேன். கீழ் நட்டைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. விரலை முகர்ந்தேன். தரை முழுக்கத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஆயில் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் தலைக்கு மேலே அம்மா இன்னும் உட்கார்ந்திருந்தாள். எது ரிப்பேர் என்று எனக்குக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.